அரை மீட்டர் பெட்டிக்கு நாலு மீட்டர் பம்பு

கந்தர்வக்கோட்டையில் போர்வெல்லுக்கு மோட்டார் வாங்கப் போனால், கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேட்பார். "எத்தனை அடிண்ணே?" "தண்ணி எவ்வளவு ஊறும்?" "டெலிவரி எத்தனை இஞ்சு?" மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டேஜ் என்ற பேச்சே தொடங்கும். வடக்கே தஞ்சாவூர்ப் பக்கம் ஆறும் வாய்க்காலும் செய்கிற வேலையை, முந்திரி விளையும் இந்தச் செம்மண் பூமியில் பெரும்பாலும் போர்வெல்தான் செய்கிறது. அதனால் பம்பு தேர்ந்தெடுக்கும் கலை இங்கே பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும்.

அதே ஊரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி. சித்திரை வெயிலில் அது கொதிக்கிறது, விசிறிகள் கத்துகின்றன. தண்ணீர் சுற்றவிட்டுக் குளிர்விக்கலாம் என்று முடிவு செய்து பம்பு தேடுகிறார். அட்டைப்பெட்டியில் இரண்டு எண்கள்: ஹெட் 4 மீட்டர், நீரோட்டம் மணிக்கு 1,500 லிட்டர். மேசைக்கு அடியில் இருக்கும் கணினிப் பெட்டியின் உயரம் அரை மீட்டர். உள்ளே ஓடப்போகும் தண்ணீர் மொத்தமே ஒரு லிட்டர் இருந்தால் அதிகம். நாலு மீட்டர் ஏற்றும் பம்பு எதற்கு? மூன்று கேள்வி கேட்கும் கடைக்காரர் இங்கே இல்லை. எனவே பெரும்பாலானவர்கள் பெரிய எண் போட்ட பெட்டியை எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

போர்வெல் கடைக்காரரின் கேள்விகளையே கணினிக்கும் கேட்டுப் பார்க்கலாம். பதில்கள் தலைகீழாக வரும். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

முதலில் "எத்தனை அடி?" போர்வெல்லில் இந்தக் கேள்விதான் ராஜா. மோட்டார் எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறது என்பதைவிட, தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. மோட்டாரை 400 அடியில் தொங்கவிட்டாலும், ஓடும்போது நீர்மட்டம் 300 அடியில் நின்றால் பம்பு தூக்க வேண்டியது 300 அடிதான். கீழே இருக்கும் நூறு அடியைச் சுற்றியுள்ள தண்ணீரே தள்ளிக்கொடுத்துவிடும். 300 அடி என்பது ஏறக்குறைய 91 மீட்டர். அவ்வளவு உயரத்துக்கு விநாடிக்கு ஒரு லிட்டர் ஏற்ற, கிட்டத்தட்ட 900 வாட் சுத்தமான வேலை தேவை. 5 எச்.பி. மோட்டார் 3,730 வாட் தரும். வழியில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு இரண்டு லிட்டர் சொச்சம் மேலே வரும். செலவாகும் சக்தியில் பெரும்பங்கைப் பூமியின் ஈர்ப்பே வாங்கிக்கொள்கிறது. வயலில் விழுந்த தண்ணீர் அந்தக் கடனைத் திருப்பித் தருவதும் இல்லை.

கணினியில் திருப்பித் தருகிறது. பம்பிலிருந்து கிளம்பும் தண்ணீர் குழாய் வழியாக ஏறி, செயலியின் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புத் தட்டுக்குள் நுழைந்து சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் அதைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, இறங்கி மறுபடியும் பம்புக்கே வருகிறது. ஏறுகிற தண்ணீருக்குச் சமமான தண்ணீர் அதே நேரத்தில் இன்னொரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. திருவிழா ராட்டினத்தில் ஆள் நிறைந்திருக்கும்போது, இறங்குகிற தொட்டிகளின் எடையே ஏறுகிற தொட்டிகளைத் தூக்கிவிடுமே, அந்தக் கணக்குதான். மூடிய சுற்றில், தண்ணீர் நிரம்பி ஓடத் தொடங்கியபின், "எத்தனை அடி?" என்ற கேள்விக்குப் பதில் பூஜ்யம். பெட்டி அரை மீட்டர் உயரமா, ரேடியேட்டரை மொட்டைமாடியில் வைத்து நாலு மாடிக்குக் குழாய் இழுத்திருக்கிறீர்களா என்பது ஓடுகிற பம்புக்குத் தெரியவே தெரியாது. முதல்முறை காலிக் குழாயில் தண்ணீரை உச்சிவரை ஏற்றும்போது மட்டும் உயரம் கணக்கில் வரும்.

அப்படியானால் அட்டையில் உள்ள நாலு மீட்டர் எதற்கு? உராய்வுக்கு. செயலியின் மேல் இருக்கும் அந்தச் செம்புத் தட்டுக்குள் முடியளவு இடைவெளி விட்டு ஏராளமான மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். சூடு செம்பிலிருந்து தண்ணீருக்கு மாற வேண்டுமென்றால் இரண்டும் நிறையப் பரப்பில் தொட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நெருக்கம். அந்த நெருக்கத்தில் புகுந்து வெளியே வரத் தண்ணீர் படும் பாடுதான் செலவு. போர்வெல்லில் பெரும்பங்கு உயரத்துக்கும் சிறுபங்கு உராய்வுக்கும் போகிறது. கணினியில் எல்லாமே உராய்வுக்குத்தான் போகிறது.

உராய்வின் குணம் ஈர்ப்பின் குணத்திலிருந்து வேறு. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தாலும் வேகமாக வந்தாலும் 91 மீட்டர் 91 மீட்டர்தான். உராய்வு அப்படியல்ல. நீரோட்டத்தை இரண்டு மடங்காக்கினால் உராய்வு கிட்டத்தட்ட நாலு மடங்காகும். நாலு மடங்கு ஹெட், இரண்டு மடங்கு நீர். ஆக எட்டு மடங்கு சக்தி வேண்டும்.

இனி அட்டையில் இருக்கும் இரண்டு எண்களைப் பார்ப்போம். நாலு மீட்டர் ஹெட் என்றால், குழாயை நேராக நிறுத்திப் பம்பை ஓட்டினால் தண்ணீர் நாலு மீட்டர் ஏறி அங்கேயே நின்றுவிடும் என்று பொருள். அங்கே நீரோட்டம் பூஜ்யம். மணிக்கு 1,500 லிட்டர் என்றால், குழாயே இல்லாமல், எதிர்ப்பே இல்லாமல் பம்பின் வாயிலிருந்து கொட்டும் அளவு. அங்கே ஹெட் பூஜ்யம். பம்பு செய்யும் பயனுள்ள வேலை என்பது ஹெட்டையும் நீரோட்டத்தையும் பெருக்கி வருவது. ஒன்று பூஜ்யமானால் பெருக்கல் பூஜ்யம். அதாவது எந்த இரண்டு நிலைகளில் பம்பு ஒரு பயனும் தராதோ, அந்த இரண்டு நிலைகளைத்தான் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்! உபயோகமான சேதி அந்த இரண்டுக்கும் நடுவே ஓடும் வளைகோட்டில் இருக்கிறது. நல்ல நிறுவனங்கள் அதை ஒரு சின்ன வரைபடமாகக் கொடுக்கும். நம் ஊர்ப் போர்வெல் மோட்டார்களின் கையேட்டிலும் அது அட்டவணையாக இருக்கும்: இத்தனை மீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று.

பம்புக்கு ஒரு கோடு இருப்பதுபோலச் சுற்றுக்கும் ஒரு கோடு உண்டு. நீரோட்டம் கூடக் கூட உராய்வு விறுவிறுவென்று ஏறும் கோடு அது. பம்பின் கோடு இறங்குமுகம், சுற்றின் கோடு ஏறுமுகம். இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடத்தில்தான் தண்ணீர் ஓடும். நாம் விரும்புகிற இடத்தில் அல்ல. பம்பும் குழாயும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் பேரம் இது. பம்பு வாங்குகிறவர் அதில் ஒரு தரப்பை மட்டும்தான் வாங்குகிறார்.

எண்ணாகச் சொன்னால் விளங்கும். ஒரு கணினிச் சுற்றில் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட 2 மீட்டர் ஹெட் தேவைப்படுகிறது என்று வைப்போம். நமது 4 மீட்டர், 1,500 லிட்டர் பம்பை அதில் முழு வேகத்தில் மாட்டினால் என்ன கிடைக்கும்? 1,500 லிட்டரை அறுபதால் வகுத்து நிமிடத்துக்கு 25 லிட்டர் வரும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 5 லிட்டரைச் சற்றே தாண்டும். அதற்குமேல் ஓட்ட வேண்டிய ஹெட் அந்தப் பம்பிடம் இல்லை.

ஐந்து லிட்டர் போதுமா? இதுதான் கடைக்காரரின் இரண்டாம் கேள்வி, "தண்ணி எவ்வளவு?" இதற்கு இயற்பியல் மிகத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4.18 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீர், ஒவ்வொரு டிகிரி சூடேறும்போதும் சுமார் 70 வாட் வெப்பத்தைச் சுமந்து போகும். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 500 வாட் கக்குகின்றன என்போம். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் தண்ணீர் 7 டிகிரி சூடாகி வெளியே வரும். 4 லிட்டர் ஓடினால் 1.8 டிகிரி. 5 லிட்டர் சொச்சம் ஓடினால் 1.4. ஒன்றிலிருந்து நாலுக்குப் போனதில் ஐந்து டிகிரிக்கு மேல் லாபம். நாலிலிருந்து ஐந்துக்குப் போனதில் அரை டிகிரிகூட இல்லை. முதல் சில லிட்டர்களில்தான் காரியம் இருக்கிறது. பிறகு பம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற பலன் கிடையாது.

இதே அளவு சூட்டைக் காற்றால் சுமக்கச் சொன்னால், கன அளவில் தண்ணீரைப்போல் சுமார் 3,500 மடங்கு காற்று வேண்டும். தண்ணீருக்கு இவ்வளவு செலவு செய்வதன் நியாயம் அந்த எண்தான்.

தண்ணீர் மெதுவாகப் போனால்தான் சூட்டை நன்றாக உறிஞ்சும் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மெதுவாகப் போகும் தண்ணீர் ஒவ்வொரு சொட்டிலும் அதிகச் சூட்டை எடுத்துக்கொள்வது உண்மை. ஆனால் அப்படி எடுத்துக்கொண்ட தண்ணீர் அதிகச் சூடாக இருக்கிறது, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் செயலியும் அதைவிடச் சூடாகத்தான் இருந்தாக வேண்டும். மெதுவாக ஓட்டி எந்தச் செயலியும் குளிர்ந்ததில்லை.

ஆனாலும் பம்பை முழு வேகத்தில் ஓட்டாதீர்கள் என்றே சொல்வேன். காரணம் வேறு. இம்பெல்லர் சுழலும் பம்புகளுக்கு ஓர் எளிய விதி உண்டு: சுழல் வேகத்தைக் குறைத்தால் நீரோட்டம் அதே விகிதத்தில் குறையும், ஹெட் இருமடியில் குறையும், வாங்கும் சக்தி மும்மடியில் குறையும். மேலே சொன்ன பம்பை ஐந்தேகால் லிட்டரிலிருந்து நாலு லிட்டருக்குத் தணித்தால், வேகம் முக்கால் பங்குக்குச் சற்று மேலே நிற்கும். சக்தியோ பாதிக்கும் கீழே வந்துவிடும். சத்தமும் அடங்கும். தேய்மானமும் குறையும். இழப்பது அரை டிகிரி.

இதை வயலில் செய்து பார்த்தால் என்ன ஆகும்? 100 மீட்டர் ஹெட் உள்ள பம்பை அதே முக்கால் சொச்ச வேகத்துக்குக் குறைத்தால் ஹெட் 59 மீட்டராகிவிடும். தண்ணீர் 91 மீட்டர் ஏற வேண்டும். மோட்டார் சுற்றும், மின்சாரம் வாங்கும், ஆனால் குழாய் வாயில் ஒரு சொட்டும் வராது. சூரியசக்தி பம்புசெட் வைத்திருப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். 2019-இல் வந்த பிஎம் குசும் திட்டத்துக்குப் பிறகு நாடெங்கும் வயல்களில் சூரியப் பலகைகள் பெருகின. காலையில் வெயில் லேசாக ஏறும்போதே மோட்டார் சுற்றத் தொடங்கிவிடும், தண்ணீர் வராது. வெயில் ஏறி, வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் திடீரென்று கொட்டும். அதுவரை பம்பு தண்ணீரைப் பாதிக் குழாயில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஈர்ப்போடு போராடுகிற பம்புக்கு ஒரு வாசற்படி உண்டு; உராய்வோடு மட்டும் போராடுகிற பம்புக்கு அது கிடையாது. கணினிப் பம்பை எவ்வளவு தணித்தாலும் கொஞ்சம் தண்ணீர் ஓடியே தீரும்.

இன்னொரு கணக்கு என்னை எப்போதும் மலைக்கவைக்கும். நிமிடத்துக்கு 4 லிட்டரை 2 மீட்டர் ஹெட்டில் தள்ளுவதற்கான சுத்தமான வேலை எவ்வளவு? 1.3 வாட். அவ்வளவுதான். பம்பு மின்கம்பியிலிருந்து எடுப்பது பத்து, இருபது வாட். மீதி முழுவதும் சூடாகிறது. அந்த 1.3 வாட்டும் தப்புவதில்லை. உராய்வில் கரைந்து அதுவும் தண்ணீரில் சூடாகவே முடிகிறது. குளிர்விக்க வந்த பம்பு தன் பங்குக்குக் கொஞ்சம் சூட்டையும் சேர்த்துவிட்டுப் போகிறது. தேவைக்கு மீறிய பம்பு வாங்குகிறவர் அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்.

இந்த ஆசை கணினிக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. "அஞ்சு எச்.பி. எதுக்கு, ஏழரையா போட்ருவோம்" என்ற குரலை எந்த மோட்டார் கடையிலும் கேட்கலாம். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். அதன் நியாயங்கள் வேறு. அவற்றை இங்கே பேசப் போவதில்லை. பம்பின் திறனைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியத்தை அது விவசாயியிடமிருந்து எடுத்துவிட்டது என்பது மட்டும் உண்மை.

பம்பு எங்கே உட்கார வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். கணினியில் அதிகப் பம்புகள் செத்துப்போவது இங்கேதான் என்பேன்.

பழைய காலத்துக் கிணற்று மோட்டார் நினைவிருக்கும் எல்லோருக்கும் இது தெரியும்: மோட்டார் போடுவதற்கு முன் ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றிக் குழாயை நிரப்ப வேண்டும். ஃபுட் வால்வு கசிந்து தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் சும்மா உறுமும். ஏர் வாங்குகிறது என்பார்கள். ஏன் அந்தப் பம்பால் காற்றை உறிஞ்சித் தண்ணீரை மேலே வரவழைக்க முடியவில்லை? இம்பெல்லர் தன் வயிற்றில் எது இருக்கிறதோ அதைத்தான் சுழற்றி எறியும். 4 மீட்டர் ஹெட் பம்பு தண்ணீர் நிறைந்திருந்தால் தண்ணீரை 4 மீட்டர் ஏற்றும். காற்று நிறைந்திருந்தால் காற்றை 4 மீட்டர் ஏற்றும். காற்றின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் எண்ணூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அந்த 4 மீட்டர் காற்றுக்குச் சமமான தண்ணீரின் உயரம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. பம்பு பழுதில்லை, வேகம் குறையவில்லை. ஆனாலும் உள்ளே காற்று புகுந்துவிட்டால் அதன் பலம் ஒரு விரற்கடைக்கும் கீழே போய்விடுகிறது.

அதனால்தான் கணினியில் சிறிய தொட்டி மேலேயும் பம்பு அதற்கு நேர் கீழேயும் இருக்க வேண்டும். தண்ணீர் தானாக இறங்கிப் பம்பை நிரப்பும். செயலியின் மேலேயே பம்பு ஒட்டியிருக்கும் ஒற்றைத் தொகுப்புகள் இப்போது அதிகம் விற்கின்றன. டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் அந்த வடிவத்தைப் பரப்பியது. அதிலும் விதி இதுவே. ரேடியேட்டரின் உச்சி பம்புக்கு மேலே இருக்க வேண்டும். சுற்றில் சிக்கிய காற்று உயரமான இடத்தைத் தேடிப் போகும். அந்த உயரமான இடம் பம்பாக இருந்துவிடக் கூடாது.

உறிஞ்சுவதைப் பற்றி இன்னொன்று. ஃபுட் வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்குமேல் உறிஞ்சி எடுக்க எந்தப் பம்பாலும் முடியாது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் இந்த எல்லையைக் குறிப்பிட்டார். காரணத்தை அவருடைய சீடர் டாரிசெல்லி 1644-இல் எழுதினார்: பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, வெளியே உள்ள காற்றின் எடைதான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது, அந்த எடை அவ்வளவு உயரத்துக்குத்தான் தாங்கும். நீர்மட்டம் கீழே போகப்போகக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கியதும், பிறகு மோட்டாரையே தண்ணீருக்குள் முக்கியதும் இந்த எல்லைக்குப் பயந்துதான்.

மோட்டாரைத் தண்ணீருக்குள் முக்குவதில் ஒரு சங்கடம். மின்சாரமும் தண்ணீரும் சேரக் கூடாது; சுழலும் தண்டோ இரண்டுக்கும் நடுவே போய்வர வேண்டும். போர்வெல் மோட்டாரில் இதற்கு சீல்கள் உண்டு, அவை தேயும். கணினிப் பம்பில் சீலே கிடையாது. இந்தத் தந்திரம் ரொம்ப அழகு. கணினி ஆர்வலர்களிடையே டி5, டிடிசி என்று இரண்டு பம்புகள் பிரபலம். இரண்டும் ஜெர்மனியின் லைங் நிறுவனத்தில் பிறந்தவை. அது வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிடும் பம்புகள் செய்துவந்த நிறுவனம். இப்போது அமெரிக்காவின் ஸைலம் குழுமத்தில் இருக்கிறது. டி5-இல் சுழலும் பாகத்துக்குத் தண்டே இல்லை. கிண்ணம்போலக் குழிந்த ஒரு காந்த உருண்டை, ஒரே ஒரு பீங்கான் குண்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே மெல்லிய எஃகுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், ஈரமே படாத இடத்தில், மின்சுருள்கள். சுருள்களின் காந்தப்புலம் சுவரைத் தாண்டி வந்து உருண்டையைச் சுழற்றுகிறது. தண்ணீர் கசிய வழியே இல்லை, ஏனென்றால் ஓட்டையே இல்லை. குண்டு கொஞ்சம் தேய்ந்தாலும் உருண்டை தானாகவே இறங்கிப் பொருந்திக்கொள்ளும். அந்தக் குண்டுக்கு எண்ணெயும் தண்ணீர்தான். தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் சில நிமிடங்களில் கெட்டுவிடும் என்று எச்சரிப்பது இதற்காகத்தான். போர்வெல் ஸ்டார்ட்டரில் டிரை ரன் பாதுகாப்பு வைப்பதும் இதே பயத்தில்தான்.

இந்த இரண்டில் எது? டி5-க்கு ஹெட் சுமார் 4 மீட்டர், நீரோட்டம் 1,500 லிட்டர். திருகி வேகத்தை 1,800 சுற்றிலிருந்து 4,800 சுற்றுவரை மாற்றும் வகை உண்டு. டிடிசி உருவில் சிறியது, நீரோட்டம் குறைவு, ஹெட் 5 மீட்டரைத் தாண்டும். ரேடியேட்டர்கள், செம்புத் தட்டுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறைய மாட்டி, சந்துபொந்தாகக் குழாய் இழுத்திருந்தால் டிடிசி கைகொடுக்கும். ஒரு செயலி, ஒரு கிராபிக்ஸ் கார்டு, ஒன்றிரண்டு ரேடியேட்டர் என்றால் டி5-ஐப் பாதி வேகத்தில் ஓட்டுவது சத்தமில்லாத வழி. டி5 தன் சூட்டைத் தண்ணீருக்கே கொடுத்துவிடும். டிடிசியின் அடிப்பலகை காற்றுக்கு ஏங்கும், அதன் கீழே ஸ்பாஞ்சை வைத்து அடைத்துவிடக் கூடாது. வெவ்வேறு பெயர்களில் வெவ்வேறு விலையில் விற்கும் பல பம்புகளுக்குள்ளே இருப்பது இந்த இரண்டில் ஒன்றுதான் என்பதும் வாங்குகிறவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

இவை வருவதற்கு முன், தொண்ணூறுகளின் இறுதியில், இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கியவர்கள் மீன்தொட்டிப் பம்புகளைத்தான் பயன்படுத்தினார்கள். இன்றைக்கும் ஏர் கூலர் பம்பை வைத்துச் செய்து பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும். ஆனால் அந்தப் பம்பு தரும் ஹெட் குறைவு. செம்புத் தட்டின் இடுக்குகளில் அதன் நீரோட்டம் தவழும்.

பம்பு என்றால் தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைச் சொல்லாமல் முடியாது. பைக்காரா நீர்மின் திட்டம் 1932-இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்க, 1937-இல் ஜி.டி. நாயுடுவின் பீளமேட்டுத் தொழிற்சாலையில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் உழைப்போடு இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவானது. ஆழமான கிணறும் மின்சாரமும் பஞ்சாலைப் பட்டறைகளும் ஒரே இடத்தில் சேர்ந்ததில் பம்புத் தொழில் அங்கே வேர்விட்டது. கணினிக்கான இந்தச் சின்னஞ்சிறு பம்புகளையும் அந்த ஊர் ஏன் செய்யக் கூடாது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். தொழில்நுட்பம் அவர்களுக்கு அந்நியமானதல்ல.

தண்ணீர் ஓடும் பெரிய கணினியைப் பார்க்கக் கந்தர்வக்கோட்டையிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று பரம் பொருள் என்ற மீத்திறன் கணினி தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின்கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்தது. விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறன், அதாவது 838 டெராஃபிளாப். மின்செலவைக் குறைக்கவென்றே அதில் சில்லுகளின் பக்கத்துக்கே திரவத்தைக் கொண்டுபோகும் குளிர்விப்பு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்படிப்பட்ட கூடங்களில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே கணினித் தட்டுகளைப் பொதுவாக ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுவதில்லை. ஒரு தலைக்குழாயிலிருந்து கிளைகள் பிரித்து இணையாக மாட்டுகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினால் உராய்வுகள் கூடிக்கொண்டே போகும், ஹெட் அதிகம் வேண்டும். இணையாக மாட்டினால் ஹெட் கூடாது, நீரோட்டம் மட்டும் கூடும். எந்தப் பம்பு என்ற கேள்வி, எப்படிக் குழாய் போட்டிருக்கிறீர்கள் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. கடைக்காரரின் மூன்றாம் கேள்வியும் அதுதான்.

பம்பையும் இப்படி இரண்டு விதமாக மாட்டலாம். இணையாக மாட்டினால் நீரோட்டங்கள் கூடும். ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினால் ஹெட் கூடும். போர்வெல் மோட்டாரின் ஸ்டேஜ் என்பது இரண்டாவது வகைதான்: இம்பெல்லர் மேல் இம்பெல்லராக அடுக்கி, ஒவ்வொன்றும் சில மீட்டர் கொடுக்க, மொத்தம் நூறு மீட்டரை எட்டுகிறது. கணினியில் சிலர் இரண்டு பம்புகளைத் தொடராக மாட்டுவது ஹெட்டுக்காக மட்டுமல்ல. ஒன்று நின்றால் மற்றது அதன் வழியாகவே தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

நின்றால் என்ன ஆகும்? செம்புத் தட்டில் இருநூறு கிராம் செம்பும் முப்பது கிராம் தண்ணீரும் இருப்பதாகக் கொண்டால், 200 வாட் செயலி அதை ஏறக்குறைய விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் சூடேற்றும். நாற்பது டிகிரியிலிருந்து ஒரு நிமிடத்தில் நூறு. அதற்குள் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்து, பிறகு அணைந்துவிடும், எரிந்துபோகாது. இருந்தாலும் பம்பின் வேகக் கம்பியைத் தாய்ப்பலகையில் செயலி விசிறிக்கான இடத்தில் செருகிவைத்தால், பம்பு நின்றதுமே கணினி எச்சரிக்கும்.

தண்ணீராக எதை ஊற்றுவது? போர்வெல் தண்ணீர் வேண்டாம். அதில் கரைந்திருக்கும் உப்புகள் செம்புத் தகடுகளின் இடுக்கில் படிந்து அடைக்கும். வடித்த நீரும் பாசி பிடிக்காமலிருக்க மருந்தும் போதும். செம்பு ரேடியேட்டரும் அலுமினியத் தட்டும் ஒரே சுற்றில் இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து மின்கலமாகி அலுமினியம் அரித்துப்போகும்.

கோடையில் என்ன செய்வது என்பதுதான் இங்கே முக்கியம். அறை 38 டிகிரி என்றால் ரேடியேட்டரிலிருந்து வரும் தண்ணீர் 38-க்குக் கீழே போகவே போகாது, எந்தப் பம்பை மாட்டினாலும். சிலர் தொட்டியில் ஐஸ் போடலாமா என்பார்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குத் தண்ணீர் இருபது டிகிரிப் பக்கம் போனாலே குழாய்கள் வியர்த்து, சொட்டு தாய்ப்பலகையில் விழும். சூடான தண்ணீருக்குப் பயப்படவும் வேண்டியதில்லை. ஐபிஎம் நிறுவனமும் சூரிச் தொழில்நுட்பக் கழகமும் 2010-இல் இயக்கிய அக்வாசார் என்ற கணினிக்கு 60 டிகிரித் தண்ணீரையே குளிர்விக்க அனுப்பினார்கள். சில்லு 80 டிகிரியைத் தாங்கும்போது 60 டிகிரித் தண்ணீரும் அதற்குக் குளிர்தான். வெளியே வந்த வெந்நீரைக் கட்டடத்தைச் சூடாக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். நமக்கு அந்த வெந்நீரால் பயனில்லை. ஆனால் 45 டிகிரித் தண்ணீரோடு ஒரு கணினி சித்திரை மாதத்தைச் சுகமாகத் தாண்டிவிடும். பெரிய பம்புக்கு ஒதுக்கிவைத்த பணத்தில் இன்னொரு ரேடியேட்டர் வாங்கலாம்.